பொடிக்கு முன் புல்

கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் கம்பையும் நேப்பியர் புல்லையும் கலந்து உருவாக்கிய கோ-3 என்ற புல், இன்று இலங்கையில் மாடு வளர்ப்போரின் தோட்டமெங்கும் நிற்கிறது. ஊவா மாகாணமும் அதற்கு விலக்கல்ல. பதுளையிலிருந்து வெலிமடைக்கு ஏறும்போது ஆளுயரத்துக்கு வளர்ந்து அசைகிற அந்தப் புல், இரண்டு பசு வைத்துப் பிழைக்கும் குடும்பத்துக்குப் பெரிய ஆதரவு. இன்னும் மேலே, குளிர் கூடுகிற மலைகளில், கிக்குயு என்ற ஆபிரிக்கப் புல் தரையோடு தரையாகப் படர்ந்திருக்கும். இரண்டையும் தின்று மாடு கொழுக்கிறது. அதே புல்லையே மாதக்கணக்கில் தின்றால் குதிரைக்குக் கால் வலி வரலாம். அப்படி நொண்டுகிற குதிரைக்கு எவ்வளவு விலையுயர்ந்த மூட்டுப் பொடியைக் கொடுத்தாலும் நொண்டல் நிற்காது. மூட்டுச் சத்துப் பொடிகளைப் பற்றிய அத்தியாயத்தைப் புல்லிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் அதுதான்.

ஊவா ஒரு காலத்தில் குதிரை முதுகிலிருந்து ஆளப்பட்ட பூமி. மேஜர் தோமஸ் ரோஜர்ஸ் பதுளையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த 1840களில் இங்கே ரயில் இல்லை. 1845 ஜூன் 7ஆம் திகதி ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி அவர் இறந்தார். பதுளை நகரிலுள்ள புனித மாற்கு தேவாலயம் அவர் நினைவாக எழுந்தது. ரயில் ஹப்புத்தளைக்கு 1893இலும் பதுளைக்கு 1924இலும்தான் வந்து சேர்ந்தது. கோப்பிக் காலத்துத் துரையும் பின்னால் வந்த தேயிலைக் காலத்துத் துரையும் மலை பார்க்கப் போனது குதிரையில்தான். அந்தக் குதிரைக்குத் தண்ணீர் காட்டி, கொள்ளு அவித்து, இரவில் குளம்பைத் தூக்கிக் கல் எடுத்துவிட்ட குதிரைக்காரர்களைப் பற்றி எழுதி வைத்தவர்கள் மிகக் குறைவு. எந்தக் கால் எந்த இறக்கத்தில் தயங்கும் என்பது துரையைவிட அவர்களுக்கே நன்றாகத் தெரிந்திருக்கும்.

இன்று ஊவாவுக்குள் குதிரைகள் சொற்பம். ஆனால் வெலிமடை, ஹக்கலை வழியாக மேலே ஏறினால் வந்துவிடுகிறது நுவரெலியா. அங்கே 1875 முதல் குதிரைப் பந்தயம் நடக்கிறது. ஏப்ரல் மாதப் பருவத்தில் ஊரே திரளும். கிரகரி ஏரிக்கரையில் சுற்றுலாப் பயணிகளைச் சுமந்து நடக்கும் மட்டக்குதிரைகளும் உண்டு. பந்தயக் குதிரைக்கு உரிமையாளரும் பயிற்சியாளரும் மிருக வைத்தியரும் இருக்கிறார்கள். மட்டக்குதிரைக்குப் பெரும்பாலும் அதைப் பிடித்துக்கொண்டு நடப்பவர் ஒருவரே. இந்த அத்தியாயம் இரண்டாவது குதிரையை மனதில் வைத்தே அதிகமும் எழுதப்பட்டது.

முதலில் மூட்டுக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். இரண்டு எலும்புகள் சந்திக்கும் முனைகளில் வழவழப்பான குருத்தெலும்பு போர்த்தியிருக்கிறது. குளம்புக்குச் சற்று மேலே, ஓடும்போது தரையைத் தொடுமளவுக்கு வளைகிற மூட்டில், அந்தப் போர்வையின் தடிப்பு ஒரு மில்லிமீற்றர் அளவுதான். அதற்கு இரத்தக் குழாயும் இல்லை, நரம்பும் இல்லை. நரம்பு இல்லாததால் தேய்மானம் தொடங்கும் நாளில் குதிரைக்கு ஒன்றும் தெரியாது; நொண்டல் கண்ணில் படும்போது தேய்மானம் பழசாகியிருக்கும். இரத்தக் குழாய் இல்லாததால் உணவெல்லாம் மூட்டுத் திரவத்தின் வழியாகத்தான் வந்து சேர வேண்டும். கால் ஊன்றும்போது குருத்தெலும்பு பிழியப்படுகிறது. கால் தூக்கும்போது, பிழிந்த துணியைத் தண்ணீரில் போட்டதுபோல, திரவத்தை மறுபடி உறிஞ்சிக்கொள்கிறது. ஆகவே நடைதான் அதற்குச் சோறு. நொண்டுகிறது என்று வாரக்கணக்கில் கட்டிப் போடுவது, எலும்பு முறிவு போன்ற காரணம் இருந்தாலொழிய, மூட்டைப் பட்டினி போடுவதாகவே முடியும்.

குருத்தெலும்புக்கு உருவம் தரும் கொலாஜன் நார்கள் மிக மெதுவாகவே புதுப்பிக்கப்படுகின்றன. மனித மூட்டில் அவற்றில் பாதி மாறுவதற்கு 100 ஆண்டுகளுக்கு மேல் ஆகும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஒருமுறை கிழிந்த நார் நடைமுறையில் திரும்ப வளர்வதில்லை என்று அர்த்தம். “தேய்ந்த மூட்டைத் திரும்ப வளர்க்கும்” என்று ஒரு பொடியின் உறையில் எழுதியிருந்தால், அந்த வாக்கியத்தை நம்பிக் காசு கொடுக்கக் கூடாது. வாயால் தின்னும் எந்தப் பொடியும் அதைச் செய்ததாக இதுவரை நிரூபிக்கப்படவில்லை.

இப்போது புல்லுக்கு வருவோம். கிக்குயு, நேப்பியர் வகைப் புற்களில் ஆக்சலேட் என்ற பொருள் இருக்கிறது. அது கல்சியத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும். மாட்டின் முதல் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்கள் ஆக்சலேட்டைச் சிதைத்து, கல்சியத்தை விடுவித்து, கீழே சிறுகுடலுக்கு அனுப்புகின்றன. குதிரைக்கு அந்த வயிறு கிடையாது. அதன் நுண்ணுயிர்கள் குடலின் பின்பகுதியில்தான் வசிக்கின்றன. கல்சியத்தை உடல் எடுத்துக்கொள்ளும் இடமோ முன்னாலுள்ள சிறுகுடல். நுண்ணுயிர் வேலையைத் தொடங்கும்போது கல்சியம் தன் வாசலைத் தாண்டிப் போயிருக்கும். தொட்டி நிறையப் புல் தின்றும் குதிரையின் எலும்பு பசித்திருப்பது இதனால்தான். 1970களில் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில், செழிப்பான வெப்பமண்டலப் புல்வெளியில் மேய்ந்த குதிரைகள் நொண்டியபோது மிருக வைத்தியர்கள் இந்தக் காரணத்தைத்தான் கண்டார்கள். உலர் எடையில் 0.5 சதவீதத்துக்கு மேல் ஆக்சலேட் உள்ள புல்லே முழு உணவாக இருந்தால் ஆபத்து உண்டு என்பது இன்று பொதுவாக வைத்துக்கொள்ளப்படும் எல்லை.

இதோடு தவிடும் சேர்ந்தால் நிலைமை இன்னும் கெடும். அரிசித் தவிட்டில் பாஸ்பரஸ் மிக அதிகம், கல்சியம் மிகக் குறைவு; பத்துக்கு ஒன்று என்ற விகிதம்கூடத் தேறாது. குதிரையின் மொத்த உணவில் பாஸ்பரஸைவிடக் கல்சியம் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு இருப்பது நல்லது. மலிவாகக் கிடைக்கிறதென்று தவிட்டை வாளி வாளியாக வைப்பவர் அந்த விகிதத்தைத் தலைகீழாக்குகிறார். மாவு ஆலைக்காரர்களின் குதிரைகளுக்கு இந்த நோய் வந்ததால் ஐரோப்பாவில் ஒரு காலத்தில் அதற்கு ஆலை நோய் என்றே பெயர் இருந்தது. உடம்பு என்ன செய்யும்? கழுத்திலுள்ள சிறிய சுரப்பிகள் உத்தரவு போட, எலும்பிலிருந்து கல்சியம் இரத்தத்துக்கு இறக்கப்படும். இரத்தத்தைச் சோதித்தால் கல்சியம் சரியாகவே காட்டும். கணக்கு எலும்பில்தான் குறைந்திருக்கும். அதனால் மிருக வைத்தியர்கள் சிறுநீரோடு எவ்வளவு பாஸ்பரஸ் வெளியேறுகிறது என்பதையும் பார்ப்பார்கள். வெளியே தெரியும் அடையாளம், இடம் மாறுகிற நொண்டல்: இன்று முன் இடது கால், அடுத்த வாரம் பின் வலது கால். நடை விறைக்கும். நோய் முற்றினால் கண்ணுக்குக் கீழே முக எலும்பு இரண்டு பக்கமும் ஒரேபோல வீங்கும்.

இதற்கு மருந்து குளுக்கோசமைன் அல்ல. தீவனத் தரமுள்ள சுண்ணாம்புத் தூளையும், பாஸ்பரஸும் சேர்ந்த கல்சியத் தூளையும் மிருக வைத்தியர் சொல்லும் அளவில் கலந்து கொடுப்பது, புல்லை மாற்றுவது, தவிட்டைக் குறைப்பது ஆகியவையே வழி. ரோட்ஸ் புல் போன்ற ஆக்சலேட் குறைந்த வகையைக் கலந்து போடலாம். எலும்பு தேற மாதங்கள் ஆகும், அவசரப்பட முடியாது. தோட்டத்து ஸ்டோரில் கிடக்கும் டொலமைட் மூட்டையைக் குதிரைக்கு அள்ளிப் போட யாருக்காவது தோன்றலாம். அது மண்ணுக்கு அரைத்த உரம். அதில் என்னென்ன கலந்திருக்கிறது என்று தீவனத்துக்குச் சோதிப்பதுபோல யாரும் சோதிப்பதில்லை. வேண்டாம். மாட்டுக்கு ஒத்துப்போகும் வேறொரு தீவனத்தையும் இங்கே சொல்லிவிடுகிறேன்: இப்பில்-இப்பில் இலை. குதிரை அதை நிறையத் தின்றால் பிடரியும் வாலும் உதிரும்.

புல் சரி, குளம்பு சரி என்றான பிறகுதான் பொடி. குளம்பை 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை வெட்டிச் சீர்செய்யாவிட்டால் முனை நீண்டு, ஒவ்வோர் அடியிலும் மூட்டு இழுபடும். முதுகில் ஏறும் பாரமும் அப்படியே. நின்றுகொண்டிருக்கும் குதிரை தன் எடையில் ஏறத்தாழ 60 சதவீதத்தை முன்னங்கால்களில்தான் தாங்குகிறது. ஹப்புத்தளைக்கு அருகிலுள்ள தம்பேதன்னைப் பக்கத்து இறக்கங்கள் போன்ற சரிவில் அந்தப் பங்கு இன்னும் கூடும்.

பொடிகளில் இருப்பவை பெரும்பாலும் குளுக்கோசமைன், கொண்ட்ராய்ட்டின், எம்எஸ்எம் எனப்படும் கந்தகச் சேர்மம், இவற்றின் கலவை. குளுக்கோசமைன் நண்டு, இறால் ஓட்டிலிருந்தும் கொண்ட்ராய்ட்டின் விலங்குகளின் குருத்தெலும்பிலிருந்தும் எடுக்கப்படுகின்றன. இரண்டும் குருத்தெலும்பின் கட்டுமானப் பொருட்களோடு தொடர்புள்ளவை. தின்றால் போய்ச் சேரும் என்பது இயல்பான எதிர்பார்ப்பு. கனடாவில் நடந்து 2005இல் வெளியான ஆய்வொன்று அந்த எதிர்பார்ப்பை நேராகச் சோதித்தது. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராம் குளுக்கோசமைனைக் குதிரைகளின் வயிற்றுக்குள் குழாய் வழியாகச் செலுத்தி, பிறகு மூட்டுத் திரவத்தை எடுத்துப் பார்த்தார்கள். கொடுத்ததில் சுமார் 6 சதவீதம்தான் இரத்தத்தை எட்டியது. மூட்டுக்குள் வந்த அளவோ, ஆய்வுக்கூடக் கண்ணாடித் தட்டில் குருத்தெலும்புக்கு நன்மை காட்டிய அளவைவிடப் பல நூறு மடங்கு குறைவு.

நொண்டல் குறைந்ததா என்று பார்த்த ஆய்வுகள் ஒரே பதிலைத் தரவில்லை. 1997இல் அமெரிக்காவில் மூட்டுத் தேய்மானமுள்ள 25 குதிரைகளுக்குக் குளுக்கோசமைன்-கொண்ட்ராய்ட்டின் கலவையை 6 வாரம் கொடுத்து முன்னேற்றம் கண்டார்கள். ஆனால் பொடி கொடுக்காத குதிரைக் கூட்டம் ஒன்று ஒப்பிட இல்லை. அது பெரிய குறை. காலம் போனாலே சில நொண்டல் குறையும். பொடி வாங்கியவர் கண்ணுக்கு எந்தக் குதிரையும் கொஞ்சம் நன்றாக நடப்பதாகவே தோன்றும். நெதர்லாந்தின் உட்ரெக்ட்டில் நடந்து 2014இல் வெளியான ஆய்வு அந்தக் குறையை நீக்கியது. 24 கிழட்டுக் குதிரைகள். பாதிக்கு மூன்று மாதம் பொடி, பாதிக்குப் பார்வைக்கு அதேபோன்ற வெறும் தூள். எல்லாவற்றுக்கும் ஒரேபோல உடற்பயிற்சி. பொடி தின்றவற்றின் விறைப்பு குறையவில்லை. வெறும் தூள் தின்று பயிற்சி செய்தவற்றின் சில மூட்டுகள் முன்னைவிட நன்றாக வளைந்தன. எனக்கு இந்த ஆய்வில் பிடித்தது அந்த இரண்டாவது முடிவு. ஒழுங்கான நடை, காசில்லாத மருந்தாக அங்கே வேலை செய்திருக்கிறது.

எல்லாப் பொருளும் இப்படித் தோற்றுவிடவில்லை. நியூசிலாந்தின் பச்சை உதட்டுச் சிப்பியின் சாற்றை ஒரு கிலோ எடைக்கு 25 மில்லிகிராம் வீதம் 56 நாள் கொடுத்த ஆய்வில், யாருக்கு எது என்று எவருக்கும் தெரியாதபடி மறைத்து வைத்தும், குளம்புக்கு மேல் மூட்டில் நாட்பட்ட நொண்டல் உள்ள குதிரைகளுக்குக் குணம் தெரிந்தது. சோதித்தவை 26 குதிரைகள். இன்னும் பெரிய ஆய்வு தேவை. வெண்ணெய்ப்பழம், சோயா இரண்டின் எண்ணெயிலிருந்து எடுக்கும் சாறு, கொலராடோவில் நடந்து 2007இல் வெளியான சோதனையில் நொண்டலைக் குறைக்கவில்லை; ஆனால் குருத்தெலும்பு அரிப்பைக் குறைத்தது. ஒமேகா-3 கொழுப்பு மூட்டு அழற்சியின் சில அடையாளங்களைத் தணிப்பதாகவும் சான்று உண்டு. இவற்றுக்கிடையே நான் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால், ஆய்வில் பெயர் சொல்லிச் சோதித்த ஒரே பொருளுள்ள பொடியையே எடுப்பேன். பதினைந்து பொருளைக் கிள்ளிக் கிள்ளிப் போட்ட கலவையில் எதுவும் வேலை செய்யும் அளவுக்கு இருக்காது.

அளவு என்பது எடையிலிருந்து பிறக்கிறது. பெரும்பாலான பொடிகளின் அளவுக் கரண்டி 500 கிலோ குதிரையை நினைத்துச் செய்தது. ஏரிக்கரை மட்டக்குதிரை அதில் பாதிகூட இருக்காது. தராசு இல்லாத இடத்தில் ஓர் அளவு நாடா போதும். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் நெஞ்சைச் சுற்றி அளந்த சென்ரிமீற்றரை அதே எண்ணால் பெருக்கி, தோள் முனையிலிருந்து புட்ட முனை வரையுள்ள நீளத்தால் மறுபடி பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் கிலோ வந்துவிடும். நெஞ்சுச் சுற்று 140, நீளம் 120 என்றால் எடை ஏறத்தாழ 198 கிலோ. கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்று வைத்தால் நாளுக்கு 4 கிராம் குளுக்கோசமைன்; 500 கிலோவுக்கான 10 கிராம் கரண்டியை அப்படியே போட்டால் தேவையானதைப் போல இரண்டரை மடங்காகும், மிச்சம் வீண். கருவுற்ற குதிரைக்கும் குட்டிக்கும் இந்தக் கணக்கு சரிவராது.

அதே 198 கிலோவை இன்னொரு கணக்குக்கும் பயன்படுத்த வேண்டும். 2008இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, குதிரை தன் எடையில் 20 சதவீதம் வரை சுமக்கும்போது பெரிதாகச் சிரமப்படவில்லை என்றும், 25, 30 சதவீதமானபோது தசை வலியும் களைப்பும் கூடின என்றும் காட்டியது. 198 கிலோ மட்டக்குதிரைக்கு 20 சதவீதம் என்றால் 40 கிலோ, சேணத்தையும் சேர்த்து. சின்னப் பிள்ளையை ஏற்றலாம். 80 கிலோ ஆளை ஏற்றக் கூடாது. அந்த மறுப்பைச் சொல்லும் தைரியம் குதிரை பிடிப்பவருக்கு வேண்டும். அவரது அன்றைய வருமானம் அதில் போவதால், சொல்ல இடம் கொடுக்கும் மனம் நமக்கு வேண்டும். எந்தப் பொடியும் இந்த ஒரு மறுப்புக்கு ஈடாகாது.

உறையைப் படிக்கும்போது எந்த வடிவக் குளுக்கோசமைன் என்று பாருங்கள். ஹைட்ரோகுளோரைட் வடிவத்தில் 10 கிராமில் சுமார் 8.3 கிராம் உண்மையான குளுக்கோசமைன். பொட்டாசியம் உப்புச் சேர்ந்த சல்பேட் வடிவத்தில் அது 6 கிராமுக்கும் சற்றுக் குறைவு. எழுதியிருப்பது உள்ளே இருக்கிறதா என்பது வேறு கேள்வி. 2006இல் கனடா ஆய்வாளர்கள் குதிரைகளுக்கான 23 பொடிகளைச் சோதித்தபோது 9இல் உறை சொன்ன அளவு இல்லை. 4இல் சொன்னதில் 30 சதவீதம்கூட இல்லை. மருந்துக்குரிய சட்டம் சத்துப் பொடியைக் கட்டுப்படுத்தாத நாடுகளிலிருந்துதான் அவை வருகின்றன. தொகுதி எண்ணும் காலாவதித் திகதியும் இல்லாத பேணியை, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், அலமாரியிலேயே விட்டுவிடுவது மேல். முதல் மாதம் இரட்டை அளவு கொடுங்கள் என்று பல உறைகள் சொல்லும். அது பழக்கத்தால் நிலைத்த ஆலோசனை. அதற்குப் பின்னால் வலுவான சோதனை இல்லை.

தோட்டத்து வாசகர் இங்கே தன் முழங்காலை நினைத்துக்கொள்வது இயல்பு. காலையிலிருந்து கொழுந்துக் கூடையோடு சரிவில் ஏறி இறங்கும் பெண்களின் முட்டி வலி யாருக்கும் புதிதல்ல. பாமசியில் அதே குளுக்கோசமைன் மாத்திரையாகக் கிடைக்கிறது. அமெரிக்காவில் 1,583 பேரை வைத்து நடத்தி 2006இல் வெளியான பெரிய சோதனையில், நாளுக்கு 1,500 மில்லிகிராம் குளுக்கோசமைனும் 1,200 மில்லிகிராம் கொண்ட்ராய்ட்டினும் 24 வாரம் தின்றவர்களுக்கு மொத்தத்தில் வெறும் மாத்திரை தின்றவர்களைவிட அதிகப் பலன் கிடைக்கவில்லை. வெறும் மாத்திரை தின்றவர்களில் 60 சதவீதம் பேர் வலி குறைந்ததாகச் சொன்னார்கள். நாட்சம்பளத்திலிருந்து மாதந்தோறும் இந்த மாத்திரைக்குக் காசு ஒதுக்கும் குடும்பத்துக்கு இந்த எண்கள் தெரிந்திருக்க வேண்டும். தொடைத் தசையை வலுவாக்கும் பயிற்சிக்கு இதைவிட நல்ல சான்று இருக்கிறது.

பந்தயத்திலோ வேறு போட்டியிலோ இறங்கும் குதிரைக்கு ஓர் எச்சரிக்கை கூடுதலாகத் தேவை. மூலிகை என்பதாலேயே ஒன்று அனுமதிக்கப்பட்டதாகிவிடாது. பிசாசு நகம் என்று பெயர் பெற்ற ஆபிரிக்கக் கிழங்கு பல மூட்டுப் பொடிகளில் சேர்கிறது; அதன் முக்கியப் பொருள் சர்வதேசக் குதிரையேற்றச் சம்மேளனத்தின் தடைப் பட்டியலில் இருக்கிறது. 2008 ஒலிம்பிக்கில், ஹொங்கொங்கில் நடந்த போட்டியில், மிளகாயின் காரப் பொருள் உடலில் இருந்ததால் நோர்வேயின் கமிரோ என்ற குதிரை தகுதி இழந்தது. அணியின் வெண்கலப் பதக்கமும் போனது. வலி நீக்கும் தைலங்களில் அந்தக் காரம் சாதாரணமாக இருக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு பொடியைக் கொடுத்துப் பார்க்க விரும்பினால், கொடுப்பதற்கு முன்பே சோதனையைத் திட்டமிடுங்கள். முதலில் மிருக வைத்தியர் பார்க்கட்டும். பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடம் மலைநாட்டுக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. பொடி தொடங்கும் முன் இரண்டு வாரம், ஒரே சமதரையில், ஒரே நேரத்தில், குதிரை நேராக வருவதையும் போவதையும் கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். முன்னங்கால் நொண்டினால், வலியுள்ள கால் தரையில் படும்போது தலை மேலே தூக்கும், அதை எண்ணலாம். பிறகு வேறெதையும் மாற்றாமல் பொடியை மட்டும் சேருங்கள். புதிய லாடம், புதிய புல், ஓய்வு எல்லாம் ஒரே வாரத்தில் வந்தால் எதனால் குணமானது என்று யாராலும் சொல்ல முடியாது. 60 முதல் 90 நாள் கழித்து, பொடி கொடுத்தவர் அல்லாத ஒருவரிடம், திகதியை மறைத்து, படங்களைக் கலைத்துக் காட்டி எது நல்ல நடை என்று கேளுங்கள். அவருக்கு வித்தியாசம் தெரிந்தால் ஒரு மாதம் பொடியை நிறுத்தி மறுபடி படம் எடுங்கள். நடை திரும்பக் கெட்டால் அந்தக் குதிரைக்கு அந்தப் பொடி உதவுகிறது என்று நம்பக் காரணம் உண்டு. வித்தியாசம் தெரியாவிட்டால் அந்தக் காசைக் குளம்பு வெட்டுபவருக்கும் நல்ல வைக்கோலுக்கும் கொடுக்கலாம்.